இனியாவின் காதும் மாமாவின் பம்ப் ஹவுஸும்

சரவணா,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். போன மார்கழிப் புயலில் சாய்ந்த முருங்கை அடிமரத்தில் துளிர்விட்டு, இப்போது கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் காய்த்திருக்கிறது. ஒரு ஆளுக்கு எவ்வளவு முருங்கைக்காய் வேண்டும்? பாதி முற்றி மரத்திலேயே தொங்குகிறது. ஆவணி கடைசியில் நீ ஜெர்மனிக்குக் கிளம்புகிறாய் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால், சொன்னது வேறு யாருடைய பிள்ளையைப் பற்றியோ என்பது போல இருக்கிறது. இதையெல்லாம் போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் பேச ஆரம்பித்தால் பாதியில் "அம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனியாவுக்கு ஐந்து நடக்கிறது. ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவது நம் வீட்டு வழக்கம். இதை விட்டால் ஏழு. ஏழில் நீ எந்த ஊரில் இருப்பாயோ, நான் இருப்பேனோ மாட்டேனோ. மொட்டையை எப்படியோ அடித்தாகிவிட்டது. காதை மட்டும் உன் அக்கா விடவில்லை. "என் தம்பி மடியில உக்காராம என் பொண்ணு காதுல ஊசி படாது" என்று நிற்கிறாள். உன் மாமா, "நகைக்கடையில மிஷின் வச்சிருக்கான், ஒரு நிமிஷ வேலை" என்று நிற்கிறார். நீ, "அவுங்க கூப்பிடட்டும், வர்றேன்" என்று நிற்கிறாய். நடுவில் அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் "பையனா பொண்ணா" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறது. நீ விமானம் ஏறுவதற்கு முன் அவள் உன் மடியில் உட்கார வேண்டும். அதற்காக நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். அது உனக்குப் பிடிக்காது. அதைச் சொல்வதற்கு முன்னால் சில பழைய கதைகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைகள்தான். ஆனால் நீ பார்த்தது உன் பக்கத்திலிருந்து, அவர் பார்த்தது அவர் பக்கத்திலிருந்து. நான் இரண்டு இலைக்கும் சோறு போட்டவள்.

நீ சிதம்பரத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தது இரண்டாயிரத்து நான்கில். அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேட்டவர்களிடம் கம்ப்யூட்டரில் டாக்டருக்குப் படிக்கிறான் என்பேன். பின்வீட்டுக்காரி பழுதான தன் டிவியை ஒரு நடை வந்து பார்க்கச் சொன்னாள். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். நீயும் வந்திருந்தாய். சங்கரா மீன் குழம்பு. நான் கொதியில் ருசி பார்த்தேன். உப்பு குறைவு, போட்டேன். நான் கொல்லைக்குப் போன நேரத்தில் உன் அக்கா வளர்மதி வந்து குழம்பை ருசி பார்த்து, அவளும் போட்டிருக்கிறாள். ஒரு வாய் வைத்ததும் மாப்பிள்ளை தலையைத் தூக்கினார்.

"யாரு உப்பு போட்டது?"

"நான்தான்" என்றேன் நான். அதே நேரத்தில் "நான்தான்" என்றாள் அவள்.

"ரெண்டு பேரும் சேந்து என்னை உப்புக்கண்டம் போட்டுட்டீங்க."

நீ சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "அம்மா, இதுதாம்மா என் ஆராய்ச்சி" என்றாய். "அக்கா ஸ்பூனை எடுத்துப் பாத்தப்ப, நீ போட்ட உப்பு இன்னும் கரையல. அதனால அவளுக்கும் கம்மியாத்தான் தெரிஞ்சுது. நீ பாத்ததும் நெசம், அவ பாத்ததும் நெசம். ரெண்டு பேரும் சரியாத்தான் செஞ்சீங்க. சேந்தப்ப தப்பாயிடுச்சு."

"அப்ப அடுப்புகிட்ட ஒரு ஆள்தான் நிக்கணும்னு சொல்லு" என்றேன் நான்.

"அது பழைய வழி. தப்பே வராது. ஆனா ஒருத்தர் முடிக்கிறவரைக்கும் மத்தவங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். பேங்க்ல அது சரி. ஒரு கணக்கைப் பூட்டுனா கண்ணிமைக்கறதுக்குள்ள தொறந்துடலாம். ஃபேக்டரி வரையறவன் ஒரு பம்ப்பை எடுத்தான்னா மூணு வாரம் வச்சு யோசிப்பான். அதுவரைக்கும் மத்தவன் இன்னா பண்ணுவான்?"

அப்போதுதான் மாப்பிள்ளை இலையிலிருந்து கையை எடுத்தது. செம்மங்குப்பம் பக்கத்து ரசாயன ஆலைகளுக்குக் குழாயும் தொட்டியும் வரைந்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் அவருக்கு வேலை. அங்கே தினமும் இதே சண்டை என்றார். ஒருவர் வரைந்ததன் மேல் இன்னொருவர் வரைந்ததைப் போட்டுவிடுவார், முன்னவருடையது போய்விடும். நீ கை காயக் காய அவருக்குச் சொன்னாய். சாதாரணமாகக் கம்ப்யூட்டரில் எல்லாம் கட்டம் கட்டமாக, வரி வரியாக இருக்குமாம். உன்னுடையதில் பம்ப் என்றால் பம்ப்பாகவே இருக்கும், தன் குழாய், தன் வால்வு, தன் அஸ்திவாரம் எல்லாவற்றையும் கூடவே வைத்துக்கொண்டு, ஒரு குடும்பம் மாதிரி. அதில்தான் தலைவலியும். ஒருவன் பம்ப்பைக் கையில் எடுத்தால் அதனோடு ஒட்டிய குழாயும் அவன் கைக்குப் போகிறதா? பூட்டு எதுவரை? குழாயை மட்டும் இன்னொருவன் தொடலாமா? தொட்டால் பம்ப்காரனுக்கு யார் சொல்வது? நான் எச்சில் இலையை எடுக்க வந்து நின்றவள் எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தேன். பம்ப்பும் குழாயும் எப்படி இருக்குமோ, குடும்பத்தில் யாரைத் தொட்டால் யாருக்கு வலிக்கும் என்பது எனக்குத் தெரிந்த சமாச்சாரம்.

"மச்சான், நான் ஓனர்கிட்ட பேசறேன். உன் சரக்கை எங்க ஆஃபீஸ்ல ஓட்டிப் பாரு" என்றார். பேசினார். உன்னைக் கூட்டிக்கொண்டு போய் "என் மச்சான் செஞ்சது" என்று எல்லோரிடமும் காட்டினார். யாராவது ஒன்றை எடுத்தால் எடுத்தவர் பெயர் திரையில் வரும், அவர் திரும்ப வைக்கும்வரை மற்றவர்கள் பார்க்கலாம், தொட முடியாது என்று என்னிடம் வந்து சொன்னார். "அத்தை, உங்க புள்ள வந்ததுலேருந்து ஆஃபீஸ்ல சத்தமே இல்ல. எனக்குத்தான் போரடிக்குது." நீ வாரத்தில் பாதி நாள் கடலூரில் இருந்தாய். இரண்டு பேரும் அவருடைய வண்டியில் மதியம் சாப்பிட வருவீர்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே வால்வு பற்றிச் சண்டை போடுவீர்கள். இனியா பிறந்து, தொட்டில் கட்டி, அது ஒரு பக்கம் அழும். இந்த வீட்டில் ஒரே நேரத்தில் நாலு பேர் பேசிய காலம் அதுதான். அப்போது எனக்கு அது இரைச்சலாக இருந்தது. "கொஞ்சம் சும்மா இருங்கடா" என்று கத்தியிருக்கிறேன். இப்போது சும்மாதான் இருக்கிறது.

பிறகு காட்டுமன்னார்கோயிலில் அவருடைய அப்பா தவறினார். போன் வந்ததும் மாப்பிள்ளை போட்ட சட்டையோடு ஓடினார். ஓடும்போது ஓர் ஆலைக்கான குளிர்நீர் பம்ப் ஹவுஸ் வரைபடம் அவர் கையில் இருந்தது. மூன்று வாரமாக அவர் அதைத் தன் கம்ப்யூட்டரில் தனியாக வைத்து வரைந்துகொண்டிருந்தார். பொதுவில் இன்னும் வைக்கவில்லை. தலைப்பிள்ளை, கொள்ளி வைத்தவர், பதினாறாம் நாள் காரியம் முடியாமல் ஊரை விட்டு வர முடியாது. இங்கே ஆலைக்காரர்கள் வரைபடம் எங்கே என்று நெருக்கினார்கள். மேனேஜர் உன்னைப் பிடித்துக்கொண்டார். உன் சிஸ்டம்தானே, திற என்றார். நீ திறந்தாய். மாமா எடுக்கும்போது எப்படி இருந்ததோ அந்தப் பழைய பம்ப் ஹவுஸை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தாய். அவர் தன் இஷ்டத்துக்கு வரைந்து முடித்தார், அதை ஆலைக்கும் அனுப்பிவிட்டார்கள்.

நீ கேட்காமல் செய்தாய் என்று ஊரே சொல்லிற்று. ஏன் கேட்கவில்லை என்பது எனக்குத்தான் தெரியும். நானும் உன் கூடத்தானே எட்டாம் நாள் காட்டுமன்னார்கோயிலுக்கு வந்தேன். சிதம்பரத்தில் பஸ் மாறும்போது நீ சொன்னாய்: "மாமாகிட்ட ஒரு விஷயம் கேக்கணும்மா, ஆஃபீஸ் விஷயம்." அங்கே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். அவர் மழிக்காத முகத்தோடு, பாயில், யார் வந்தாலும் எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருந்தார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாய். சாப்பிட்டோம். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்தோம், துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது அல்லவா. பஸ்ஸில் கேட்டேன், "கேட்டியா?" என்று. "சாவு வூட்ல போயி பம்ப்பைப் பத்தி எப்படிம்மா கேப்பேன்" என்றாய். நானும் "வேணாம், கேக்காத" என்றேன். அன்றைக்கு நம் இரண்டு பேருக்கும் அது மரியாதையாகத்தான் பட்டது.

பதினேழாம் நாள் அவர் மொட்டைத் தலையோடு அலுவலகம் போய், தான் வரைந்ததைப் பொதுவில் வைக்கப் பார்த்திருக்கிறார். உன் சிஸ்டம் வாங்க மாட்டேன் என்றுவிட்டது. இதைவிடப் புதியது இருக்கிறது என்று சொல்லிற்றாம். மேனேஜர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நீங்க இல்லாமலே முடிஞ்சுது சார், நிம்மதியா காரியத்தை முடிச்சீங்களா என்றாராம். அன்று சாயங்காலம் இந்த வீட்டு வாசலில் நடந்ததை நான் மறக்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றவில்லை.

"என் பக்கத்துல உக்காந்து, என் கையைப் புடிச்சிக்கினு, எங்கப்பன் சாவு சோத்தைத் தின்னுட்டுப் போனியே. அப்பக்கூட வாயைத் தொறந்து சொல்லலியே மச்சான்."

"துக்க வூட்ல ஆஃபீஸ் பேச்சை எப்படி மாமா எடுக்கறது?"

"நான் இருக்கறப்பவே என் வேலைக்கும் காரியம் பண்ணிட்ட. பரவால்ல. நல்லாவே பண்ணிட்ட."

வளர்மதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள், உன்னைப் பார்க்கவில்லை. துக்கம் கழிந்ததும் இனியாவுக்குக் காது குத்துவதாக இருந்தோம். பத்தரிடம் சொல்லியாயிற்று, நீ சீருக்குப் பாவாடைகூட எடுத்து வைத்திருந்தாய். அந்தப் பாவாடை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. இப்போது அது அவள் பொம்மைக்குத்தான் ஆகும். மாப்பிள்ளை அந்த வேலையை விட்டு, ஊரோடு போய், அரிசி மில்களுக்கு மெஷின் நிற்கிற இடம் வரைந்து கொடுத்துக் காலம் தள்ளுகிறார்.

அதற்கப்புறம் இந்த வீட்டை நான் எப்படி நடத்தினேன் தெரியுமா? நீ அன்றைக்குச் சொன்ன பழைய வழியில். தீபாவளிக்கு நீ, மறுநாள் அவர்கள். பொங்கலுக்கு அவர்கள், காணும் பொங்கலுக்கு நீ. யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, ஒருவர் பஸ் ஏறிய பிறகுதான் இன்னொருவரை வரச் சொல்வேன். ஒரு தடவை நீ மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை அவர்கள் வருவதற்குள் அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். தப்பு நடக்கவே இல்லை, ஒரு சண்டை இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. பண்டிகைதான் நடக்கவில்லை. இரண்டு நாளும் வடை சுட்டேன், இரண்டு நாளும் பாதி வடை மீந்தது. ஒவ்வொரு வருடமும் இரண்டு பேரும் போன பிறகு தெருவில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் வெடி வைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுவேன்.

புயல் அடித்த காலையில் கூரை ஓடு பாதி போயிற்று. முருங்கை வாசல் கதவின் மேலேயே சாய்ந்துவிட்டது. போன் செத்துவிட்டது, கரண்ட் இல்லை, பஸ் இல்லை. நான் கொல்லை வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தேன். நீ சிதம்பரத்தில் இருந்தாய். அக்கா போய்ப் பார்த்திருப்பாள் என்று நினைத்தாய். அக்கா வீட்டில், தம்பி கிட்டத்தில் இருக்கிறான், போயிருப்பான் என்று நினைத்தார்கள். முன்பென்றால் ஒருவருக்கொருவர் ஒரு போன் போட்டிருப்பீர்கள். இரண்டு பேரும் என்மேல் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. அன்றைக்கு உப்பை இரண்டு பேர் போட்டோம், இந்தத் தடவை யாருமே போடவில்லை, அவ்வளவுதான். பின்வீட்டுக்காரி கஞ்சி கொடுத்தாள். "டாக்டர் புள்ள வரலியா?" என்றாள். ரோடு சரியில்லை என்றேன். கடைசியில் நீ வந்தாய், வந்து மரத்தை வெட்டினாய். நீ போன மறுநாள் மாப்பிள்ளை வந்து ஓடு மாற்றினார். மரத்தை வெட்டியது யார் என்று அவரும் கேட்கவில்லை. ஓடு மாற்றியது யார் என்று நீயும் கேட்கவில்லை.

அப்போதுதான் உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? வெட்டிய கிளையின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

"உன் கம்ப்யூட்டர்ல ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கினு அப்படியே நின்னுட்டா இன்னா செய்வீங்க?"

"வரும்மா, அப்படியும் வரும். ஒருத்தன் கையில பம்ப், ஒருத்தன் கையில குழாய். இவனுக்குக் குழாய் வேணும், அவனுக்குப் பம்ப் வேணும். கையில இருக்கறதை ரெண்டு பேரும் வுட மாட்டானுங்க. அப்படியே வுட்டா காலம் பூரா நிப்பானுங்க."

"அப்புறம்?"

"மேலேருந்து பாத்து யாராவது ஒருத்தனைப் பின்வாங்க வைக்கணும்."

"யாரை?"

"யாருக்கு நஷ்டம் கம்மியோ அவனை."

"அதை யாரு பாத்து சொல்றது?"

நீ டீயைக் குடித்து முடித்தாய். "பேங்க்ல சுலபம்மா, திரும்ப ஒருவாட்டி போட்டா ஆச்சு. இங்க ஒருத்தனைப் பின்வாங்க வச்சா அவன் மூணு வாரம் யோசிச்சது போயிடும். அதான் கஷ்டம்" என்றாய். நீ யாரை நினைத்துச் சொன்னாய் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அதையும் சொன்னாய். மாமாவின் பம்ப் ஹவுஸ் போகவில்லை. அவர் வேலையை விட்ட வாரமே அவர் கம்ப்யூட்டரிலிருந்து அதை எடுத்து, அவர் பெயரிலேயே தனியாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாய். அதற்கப்புறம் உன் சிஸ்டத்தையே மாற்றிக் கட்டினாய். பூட்டைத் திறந்தாலும் வைத்திருந்தவருக்குத் தெரியாமல் திறக்காது. இரண்டு பேர் வரைந்ததில் ஒன்று ஒன்றை அழிக்காது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், உட்கார்ந்து பேசித்தான் ஒன்றாக்க வேண்டும். அதைத்தான் உன் ஆராய்ச்சிப் புத்தகத்தில் எழுதினாய், அவர் பம்ப் ஹவுஸை உதாரணமாக வைத்து. அதற்குத்தான் உனக்குப் பட்டம் வந்தது. "மாமாகிட்ட சொல்லிடாதம்மா" என்றாய். "என் வேலையைக் கெடுத்து அதை வச்சே டாக்டராயிட்டான்னு சொல்லுவாரு. அவரா என்னிக்காவது கேட்டா அப்ப சொல்றேன்." என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கவில்லை, ஆனால் நான் சரி என்றேன். சரி என்றால் சத்தியம்தான்.

சரவணா, போன வியாழக்கிழமை நான் காட்டுமன்னார்கோயிலுக்குப் போனேன். சிதம்பரத்தில் பஸ் மாறும்போது நீ இருக்கிற தெரு கிட்டத்தில்தான். முதல் தடவையாக உன்னைப் பார்க்காமல், உனக்குச் சொல்லாமல் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். அவர் மில்லில் இருந்தார், தவிட்டுத் தூசி தலையெல்லாம். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார், யாருக்கு என்ன என்று. ஒன்றுமில்லை மாப்பிள்ளை என்று சொல்லி, அங்கேயே மூட்டைமேல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பம்ப் ஹவுஸ் பத்திரமாக இருப்பதை, அவர் பெயரிலேயே இருப்பதை, அதை வைத்து நீ பட்டம் வாங்கியதை, அதையும் விடாமல் சொன்னேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய் அதை நிறுத்திவிட்டு வந்தார்.

"அப்ப, நான் பதினாறு நாள் துக்கத்துல உக்காந்ததுக்கு அவனுக்கு டாக்டர் பட்டம்."

நீ பயந்த அதே வார்த்தை. ஆனாலும் சொன்னேன்: "ஆமாம் மாப்பிள்ளை. அதுக்குத் தண்டனையா உங்க பொண்ணைத் தூக்கி அவன் மடியில வச்சு, அவன் சட்டை நனையற மாதிரி அழ வுடுங்க."

அவர் சிரிக்கவில்லை. தவிட்டைக் காலால் கூட்டிக் குவித்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார், "அத்தை, அதுல ரெண்டு வால்வை எதிரெதிரா வச்சிருந்தேன். ஒண்ணு கெட்டா இன்னொண்ணை ஒரே ஆள் நின்ன எடத்துலேருந்து திருப்பற மாதிரி. அது அப்படியே இருக்கா?"

"எனக்கெப்படிப்பா தெரியும்? வச்சிருக்கறவன்கிட்ட கேக்கணும்."

"கேக்கறேன்" என்றார்.

கேட்டாயா மகனே? கேட்கிறேன் என்றார். நீ காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தானே. அவர் காத்திருந்தது நீ போய்ச் சொல்வதற்கு. அவர் கையில் குழந்தை, உன் கையில் மடி. ஒருவராவது பின்வாங்க வேண்டும் என்றாய், யாருக்கு நஷ்டம் குறைவோ அவர் என்றாய். இரண்டு பேருடைய நஷ்டத்தையும் வைத்துப் பார்த்தேன், எனக்கு எடை போடத் தெரியவில்லை. அதனால் நானே பின்வாங்கினேன். உனக்குக் கொடுத்த வார்த்தையை விட்டேன். உன் கையில் பத்திரமாக இருந்ததை உன்னைக் கேட்காமல் எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டேன். நீ அன்றைக்குச் செய்ததும் இதேதான். செய்யும்போது எவ்வளவு நியாயமாகத் தோன்றுகிறது என்பதும், செய்த பிறகு உன் முகத்தை நினைத்தால் எப்படிச் சோறு இறங்காது என்பதும் எனக்கு இந்த ஒரு வாரமாகத் தெரிகிறது. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். அவரைப் போல நாலு வருடம் வைத்துக்கொள்ளாதே, எனக்கு அவ்வளவு காலம் இல்லை.

போகிற ஊரிலும் உனக்கு இதேதான் வேலை என்றாய், பலபேர் ஒன்றைத் தொடுகிற இடத்தில் காவல் நிற்கிற வேலை. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஐந்தாவது படிப்பு போதாது, அதனால் அதைப் பற்றிச் சொல்லவில்லை. ஒன்று மட்டும். துக்க வீடாக இருந்தாலும் கேட்டுவிடு. பாயில் உட்கார்ந்திருக்கிறவன் திட்டுவான், திட்டட்டும். மரியாதை என்று நாம் வாயை மூடிக்கொண்டு வந்த அந்த பஸ் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை.

ஆவணியில் முதல் முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டில். பத்தரிடம் சொல்லிவிட்டேன். உன் மாமாவுக்கும் அக்காவுக்கும் அதே நாள், அதே நேரம் சொல்லியிருக்கிறேன். நீ வருவாய் என்றும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மில்லிலிருந்து கிளம்பும்போது மாப்பிள்ளை பஸ் வரைக்கும் வந்தார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "ஊசி குத்துறப்ப புள்ள துள்ளுவா அத்தை. அவன் கெட்டியா புடிச்சிப்பானா? அடுத்தவன் கையிலேருந்து உருவுறதுதான் அவனுக்குப் பழக்கம்" என்றார். கெட்டியாகப் பிடித்துக்கொள். பாவாடை புதிதாக எடு, அவள் என் இடுப்புக்கு மேலே வந்துவிட்டாள். வால்வைப் பற்றி அவர் கேட்டால், அப்படியே இருக்கிறது மாமா என்று மட்டும் சொல், வேறு விளக்கம் எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

சங்கரா மீன்காரியிடம் முன்னாலேயே சொல்லி வைக்கப் போகிறேன். காது குத்தி முடிந்த பிறகு குழம்பு. ஆவணி முடிவதற்குள் நீ போய்விடுவாய், அவர்களும் போய்விடுவார்கள், நான் இந்த முருங்கையோடு இருப்பேன். அது எனக்குத் தெரியும், பழகியும்விட்டது. அன்றைக்கு ஒருநாள் மட்டும் யாரும் முறை பார்க்க வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் வாருங்கள், ஒரே நேரத்தில் பேசுங்கள், குழந்தை ஒரு பக்கம் அழட்டும். சும்மா இருங்கடா என்று இந்தத் தடவை நான் சொல்ல மாட்டேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா